முதல் தடவ ஆபிஸ் நெட்வொர்க் ஸ்விட்ச்சுல கை வைக்கிறீங்களா, திரும்பி வர்ற வழிய போட்டுட்டு உள்ள போங்க

சாயங்காலம் நாலு மணி இருக்கும், நம்ம மலேசியா சுங்கை சிப்புட்டுல அந்த நேரத்துக்கு வழக்கமா பிடிக்கிற மழை அன்னிக்கும் கொட்டுது, ஒரு தம்பி போன் பண்றாரு, குரலே நடுங்குது, "அண்ணே, ஒரே ஒரு வார்த்தைய விட்டுட்டேன் அண்ணே, வேபிரிட்ஜு மொத்தமா நின்னு போச்சு"ன்னு. அவரு செம்பனை மில்லு ஒண்ணுல புதுசா சேந்தவரு, டிப்ளோமா முடிச்சு நாலு மாசந்தான் ஆகுது. வேபிரிட்ஜுன்னா குலை ஏத்திக்கிட்டு வர்ற லோரிய எடை போடுற இடம், அது நின்னா வாசல்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் லோரி நிக்கும். குலைய அறுத்துட்டு ரொம்ப நேரம் வச்சிருந்தா எண்ணெயில அமிலம் ஏறிடும், தரம் எறங்கும், அதனால மில்லுக்காரங்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு.

நடந்தது இதுதான். லோரி டிரைவருங்களுக்கு ஒரு கெஸ்ட் வைஃபை போடச் சொல்லியிருக்காங்க, அதுக்கு புதுசா 40-ஆம் நம்பர் விலான் ஒண்ணு, விலான்னா ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள தனித்தனியா பிரிச்சு வைக்கற நெட்வொர்க்கு. தம்பி ஆபிஸ்ல உட்காந்துக்கிட்டே வேபிரிட்ஜு ஸ்விட்ச்சுக்குள்ள (கம்ப்யூட்டர் ஒயர் எல்லாம் வந்து சேர்ற பெட்டி) போயி, ஆபிஸ் பக்கம் வர்ற டிரங்க் போர்ட்டுல (ரெண்டு ஸ்விட்ச்ச இணைக்கற, பல விலான் ஒண்ணா போற ஓட்டை) "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் 40"னு அடிச்சிட்டாரு. அடிச்சிருக்க வேண்டியது "அலவ்ட் விலான் ஆட் 40". அந்த "ஆட்" இருந்தா ஏற்கெனவே இருக்கிற லிஸ்ட்டோட 40 சேரும், இல்லன்னா பழைய லிஸ்ட்ட தூக்கி எறிஞ்சிட்டு 40 மட்டும் நிக்கும். எடை போடுற கம்ப்யூட்டரோட விலான் போச்சு, அவரு உள்ள நுழைஞ்ச மேனேஜ்மெண்ட் விலானும் சேந்து போச்சு, ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சிருச்சு. உள்ள போயி சரி பண்ணலாம்னா கதவ அவரே பூட்டிட்டாரு.

நான் கேட்டது ஒரே கேள்வி, "தம்பி, ரைட் மெமரி அடிச்சீங்களா?" "இல்லண்ணே." "அப்போ குடைய எடுத்துக்கிட்டு நடந்து போயி அந்த ஸ்விட்ச்சோட பவர உருவி திரும்ப சொருகுங்க." சேவ் பண்ணாததால பழைய கான்ஃபிக், அதாவது முன்ன எழுதி வச்ச அமைப்பு, திரும்ப ஏறுச்சு, ஒரு அஞ்சு நிமிஷத்துல வேபிரிட்ஜு எழுந்துருச்சு. அன்னிக்கி ராத்திரியே இத எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன். ஏன்னா ஈப்போ பக்கம் போலிடெக்னிக்ல படிச்சுட்டு நம்ம ஊரு மில்லு, தோட்ட ஆபிஸ், கிளினிக்குன்னு வேலைக்கு வர்ற நம்ம புள்ளைங்களுக்கு கட்டளை எல்லாம் தெரியுது, எத அடிக்கிறதுக்கு முன்னாடி எத செஞ்சு வச்சுக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல.

நான் சொல்றது பெரும்பாலும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகை ஸ்விட்ச்ச வச்சு, ஏன்னா நம்ம பக்கம் மில்லுலயும் ஆபிஸ்லயும் நான் அதிகமா பாக்கறது அதுதான். கட்டளைய வாயால சொல்ற மாதிரியே எழுதறேன், கீபோர்டுல இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க. சந்தேகம் வந்தா எந்த எடத்துலயும் ஒரு கேள்விக்குறி போடுங்க, அடுத்து என்ன அடிக்கலாம்னு அதுவே காட்டும். பாதி வார்த்தை அடிச்சுட்டு டேப் அழுத்தினா மீதிய அதுவே நெரப்பும்.

கம்ப்யூட்டர தொறக்கறதுக்கு முன்னாடி பேப்பர்

ஒரு ஏ4 பேப்பர் எடுங்க. ஸ்விட்ச்சு எங்க இருக்கு, எத்தன போர்ட்டு, ஒவ்வொரு போர்ட்டுல இருந்து போற கேபிள் எங்க போய் முடியுது, அத எழுதுங்க. கேபிள் எங்க போகுதுன்னு தெரியலயா, நடந்து போயி பாருங்க, கிராணிய (ஆபிஸ் கிளார்க்) கேளுங்க, அந்த ஆபிஸ்ல இருவது வருஷமா இருக்கறவரு அவருதான், எந்தச் சுவத்துக்குப் பின்னாடி எந்த ஒயர் போகுதுன்னு அவருக்குத்தான் தெரியும். அப்புறம் விலான் கணக்கு. நான் சின்ன எடத்துக்கு வழக்கமா போடறது: 10 ஸ்விட்ச்ச நிர்வாகம் பண்றதுக்கு, 20 ஆபிஸ் கம்ப்யூட்டர், பிரிண்டர், எடை மெஷினு, 30 சிசிடிவி, 40 கெஸ்ட் வைஃபை. ஐபி நம்பரையும் (நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள முகவரி) அதுக்கு ஒத்தாப்போல வச்சிருங்க, 20-ஆம் விலான்னா 192.168.20 அப்படின்னு ஆரம்பிக்கட்டும், ஒரு நம்பர பாத்த உடனே இது எந்த விலான்னு மண்டையில பட்டுன்னு விழும். இந்தப் பேப்பர் இல்லாம ஆரம்பிக்காதீங்க. நடுராத்திரி பிரச்சனை வந்தா உங்களுக்கு வழி காட்டறது இதுதான்.

கன்சோல் கேபிள், இது உங்க பையிலயே இருக்கணும்

நெட்வொர்க் வழியா உள்ள போற எல்லா வழியும் நெட்வொர்க் இருக்கற வரைக்குந்தான். கன்சோல் அப்படி இல்ல, ஸ்விட்ச்சுல கரண்டு இருந்தா போதும். பழைய கேபிள் வெளிர்நீலக் கலர்ல தட்டையா இருக்கும், ஒரு பக்கம் ஆர்ஜே45, மறு பக்கம் சீரியல். இப்ப உள்ள லேப்டாப்புல சீரியல் போர்ட்டு கெடையாது, அதனால ஒரு பக்கம் யூஎஸ்பி, மறு பக்கம் ஆர்ஜே45 உள்ள கேபிளா வாங்கிக்குங்க. புது மாடல் சிலதுல கன்சோலுக்கு யூஎஸ்பி ஓட்டையே இருக்கும். ஒண்ண பாத்துக்குங்க, கன்சோல் ஓட்டையும் சாதாரண நெட்வொர்க் ஓட்டை மாதிரியேதான் இருக்கும், பக்கத்துல கன்சோல்னு எழுதியிருக்கறத படிச்சுட்டு சொருகுங்க.

லேப்டாப்புல டிவைஸ் மேனேஜர தொறந்து காம் போர்ட்டு நம்பர் என்னன்னு பாருங்க, புட்டி சாஃப்ட்வேர்ல சீரியல்னு தேர்ந்தெடுத்து அந்த நம்பர போடுங்க, வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கண்ட்ரோல் இல்ல. தொறந்ததும் கருப்பா இருந்தா பயப்படாதீங்க, எண்டர ரெண்டு தடவ தட்டுங்க. கேள்விக்குறியும் கட்டமுமா கன்னாபின்னான்னு எழுத்து வந்தா வேகம் தப்பு. பெரிய ஸ்விட்ச்சு எழுந்து வர சில நிமிஷம் எடுக்கும், அதுக்குள்ள கெட்டுப் போச்சுன்னு நெனச்சு பவர உருவாதீங்க. புது ஸ்விட்ச்சுன்னா ஆரம்ப கான்ஃபிகரேஷன் செய்யறியான்னு கேக்கும், "நோ"ன்னு சொல்லிடுங்க, நாமளே கையால செய்வோம்.

நுனியில பெரியது குறி (>) நின்னா நீங்க வாசல்ல நிக்கறீங்க. "எனேபிள்"னு அடிச்சா குறி ஹாஷா (#) மாறும், வீட்டுக்குள்ள வந்துட்டீங்க. "கான்ஃபிகர் டெர்மினல்" அடிச்சா தான் எதையும் மாத்த முடியும். எந்த எடத்துல நிக்கறோம்னு குறிய பாத்துட்டு அடுத்தத அடிக்கற பழக்கம் முதல் நாள்ல இருந்தே வரணும்.

ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கற ஸ்விட்ச்சா, எதையும் தொடாம "ஷோ ரன்னிங் கான்ஃபிக்" அடிச்சு, வர்றத பூரா காப்பி பண்ணி ஒரு ஃபைல்ல தேதி போட்டு வைங்க. அதுக்கு முன்னாடி "டெர்மினல் லெங்த் 0"னு அடிச்சுட்டா பக்கத்துக்குப் பக்கம் நிக்காம ஒரே மூச்சுல ஓடும். "ஷோ வெர்ஷன்", "ஷோ விலான் பிரீஃப்", "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்", "ஷோ சிடிபி நெய்பர்ஸ்" இதையும் அப்படியே எடுத்துக்குங்க. இது நம்ம மொதல் திரும்பி வர்ற வழி.

வேற எடத்துல ஓடின பழைய ஸ்விட்ச்சா, நல்லா தொடச்சுட்டு சேருங்க. "ரைட் எரேஸ்" அடிச்சா ஸ்டார்ட்டப் கான்ஃபிக் (சேவ் பண்ணி எழுதி வச்சது) மட்டுந்தான் போகும், விலான் லிஸ்ட்டு விலான் டாட் டேட்ங்கற தனி ஃபைல்ல ஃப்ளாஷ்ல உக்காந்திருக்கும், அதையும் "டெலீட் ஃப்ளாஷ்" போட்டு அழிச்சுட்டுத்தான் "ரீலோட்" பண்ணணும், சேவ் பண்ணவான்னு கேட்டா நோ. இதுக்கு காரணம் விடிபி. ஸ்விட்ச்சுங்க ஒண்ணுக்கொண்ணு விலான் லிஸ்ட்ட பரிமாறிக்கற முறை அது, யாரோட ரிவிஷன் நம்பர் பெருசோ அவங்க லிஸ்ட்ட மத்தவங்க ஏத்துக்கும். அதே டொமைன் பேரோட, பெரிய ரிவிஷன் நம்பரோட ஒரு பழைய ஸ்விட்ச்ச டிரங்க்ல சொருகினா, ஆபிஸ் முழுக்க இருக்கற விலான் எல்லாம் அழிஞ்சிட்டு அந்தப் பழசோட லிஸ்ட்டு வந்து ஒக்காந்துக்கும். நான் எல்லா ஸ்விட்ச்சுலயும் "விடிபி மோட் டிரான்ஸ்பேரண்ட்" போட்டுடுவேன். பத்து ஸ்விட்ச்சுக்குள்ள உள்ள எடத்துக்கு விடிபியே தேவையில்லங்கறது என் எண்ணம்.

பேரு, பாஸ்வேர்டு, நேரம்

"ஹோஸ்ட்நேம்" போடறப்ப எடத்தோட பேர வைங்க, ஆபிஸ் 1, வேபிரிட்ஜ் 1, அப்படி. மூணு ஜன்னல் தொறந்து வச்சிருக்கறப்ப தப்பான ஸ்விட்ச்சுல கட்டளை அடிக்காம உங்கள காப்பாத்தறது அந்தப் பேருதான்.

"எனேபிள் சீக்ரெட்" போடுங்க, எனேபிள் பாஸ்வேர்டு வேணாம், அது கான்ஃபிக்ல அப்படியே வெளிய தெரியும். "சர்வீஸ் பாஸ்வேர்ட் என்கிரிப்ஷன்" போட்டுட்டா போதும்னு சிலபேரு நெனைக்கறாங்க, அது மறைச்சு வைக்கற 7-ஆம் ரகத்த யாரு வேணும்னாலும் நொடியில பிரிச்சுப் படிச்சுடலாம். உள்ள வர்ற ஆளுக்கு "யூசர்நேம்" போட்டு "பிரிவிலேஜ் 15 சீக்ரெட்"னு குடுங்க, ஆளுக்கு ஒரு பேரு, எல்லாருக்கும் ஒரே அட்மின் வேணாம். அப்புறம் "ஐபி டொமைன் நேம்" ஒண்ணு போட்டு, "கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ" அடிச்சு அளவு 2048 குடுங்க, "ஐபி எஸ்எஸ்ஹெச் வெர்ஷன் 2", "லைன் விடிஒய் 0 15" உள்ள போயி "லாகின் லோக்கல்", "டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்". எஸ்எஸ்ஹெச், டெல்நெட் ரெண்டும் தூரத்துல இருந்து ஸ்விட்ச்சுக்குள்ள நுழையற வழி, இதோட டெல்நெட் மூடிக்கும். டெல்நெட்ல நீங்க அடிக்கற பாஸ்வேர்டு ஒயர்ல பச்சையா போகும். "லைன் கன்சோல் 0"க்கும் "லாகின் லோக்கல்" போட மறக்காதீங்க. ஆனா ஒண்ணு, யூசர்நேம் போடறதுக்கு முன்னாடி லாகின் லோக்கல் போட்டு வெளிய வந்துட்டீங்கன்னா திரும்ப உள்ள போக ஆளே இல்ல, அதனால முதல் ஜன்னல மூடாம ரெண்டாவது ஜன்னல தொறந்து உள்ள போக முடியுதான்னு பாத்துட்டுத்தான் முதல் ஜன்னல மூடணும்.

ஸ்விட்ச்சுக்கு ஐபி குடுக்கறது "இன்டர்ஃபேஸ் விலான் 10" உள்ள, கூடவே "நோ ஷட்டவுன்". 1-ஆம் விலான்ல மேனேஜ்மெண்ட்ட வைக்காதீங்க, புதுசா சொருகற எல்லாப் போர்ட்டும் அதுலதான் வந்து விழும். வேற நெட்வொர்க்ல இருந்து உள்ள வரணும்னா "ஐபி டிஃபால்ட் கேட்வே"யும் வேணும்.

நேரத்த யாரும் கவனிக்கறதில்ல, நான் ரொம்ப கவனிப்பேன். நேரம் வைக்காத கேட்டலிஸ்ட் ஒவ்வொரு தடவ எழுந்திரிக்கறப்பவும் 1993 மார்ச் 1-ல இருந்து எண்ண ஆரம்பிக்கும், அப்புறம் லாக்க தொறந்து பாத்தா எது நேத்து நடந்தது எது இன்னிக்கு நடந்ததுன்னே புரியாது. "கிளாக் டைம்ஸோன் எம்ஒய்டி 8"னு போடுங்க, 1982 ஜனவரி 1-ல இருந்து தீபகற்பத்துல நம்ம நேரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னாடிதான். "என்டிபி சர்வர்"ல, அதாவது சரியான நேரத்த குடுக்கறது எதுன்னு, உங்க ரூட்டரையோ சர்வரையோ காட்டுங்க.

விலான், டிரங்க்

மில்லு வாசல்ல பாத்திருப்பீங்க, ஒரே ரோட்டுல நாலஞ்சு தோட்டத்து லோரி வருது, ஒவ்வொரு லோரிகாரர் கையிலயும் ஒரு சிட்டு இருக்கு, எந்தத் தோட்டம், எந்த பிளாக்குன்னு. சிட்ட பாத்துத்தான் கணக்கு எழுதறாங்க. டிரங்க் அந்த ரோடு மாதிரி, ஒவ்வொரு ஃப்ரேமோடயும் (ஒயர்ல போற டேட்டா பொட்டலம்) 4 பைட்டு அளவுல ஒரு சிட்டு ஒட்டியிருக்கும், அதுக்குப் பேரு 802.1க்யூ டேக், அதுல விலான் நம்பர் இருக்கும், 1-ல இருந்து 4094 வரைக்கும் வைக்கலாம். கம்ப்யூட்டர் சொருகற போர்ட்டு ஆக்செஸ் போர்ட்டு, அங்க சிட்ட கழட்டிட்டு ஃப்ரேம மட்டும் குடுக்கும், சாதாரண கம்ப்யூட்டருக்கு சிட்டு படிக்கத் தெரியாது.

முதல்ல விலான உருவாக்குங்க, "விலான் 20", "நேம் ஆபிஸ்". அப்புறம் போர்ட்டுக்குப் போங்க, ஒவ்வொண்ணா போக வேணாம், "இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் ஜிஐ 1/0/1 - 12"னு ஒரே அடியா பிடிக்கலாம், "ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்செஸ்", "ஸ்விட்ச்போர்ட் ஆக்செஸ் விலான் 20". ஒவ்வொரு போர்ட்டுக்கும் "டிஸ்கிரிப்ஷன்" போடுங்க, கிராணி மேஜை, டிஸ்பென்சரி பிரிண்டர்னு, அந்த ஏ4 பேப்பர்ல எழுதின அதே வார்த்தை. யாரும் பயன்படுத்தாத போர்ட்ட எல்லாம் "ஷட்டவுன்" பண்ணிடுங்க.

ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல "ஸ்விட்ச்போர்ட் மோட் டிரங்க்", தேவையான விலான மட்டும் அலவ்ட்ல விடுங்க. முதல் தடவ லிஸ்ட்ட எழுதறப்ப "அலவ்ட் விலான் 10,20,30". அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா "ஆட்" இல்லன்னா "ரிமூவ்", இது ரெண்டும் இல்லாம அந்த வரிய திரும்ப அடிக்கவே கூடாது. டிரங்கோட ரெண்டு பக்கமும் நேட்டிவ் விலான் (சிட்டு ஒட்டாம போற விலான்) ஒரே நம்பரா இருக்கணும், இல்லன்னா லாக்ல மிஸ்மேட்ச்னு கத்திக்கிட்டே இருக்கும். முடிச்சதும் "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்" பாருங்க, அதுல நாலு பகுதியா வரும், கடைசிப் பகுதிய படிங்க, உண்மையிலேயே எந்த விலான் இந்த ஒயர்ல ஓடுதுன்னு அங்கதான் தெரியும். விலான் உருவாக்காம அலவ்ட்ல மட்டும் போட்டிருந்தா அது ரெண்டாவது பகுதியில இருக்கும், கடைசியில இருக்காது. வேலை செய்யலன்னு வந்து நிக்கறவங்கள்ல நெறைய பேருக்கு இதுதான் காரணம்.

ஒரே கேபிளோட ரெண்டு முனையும் ஒரே எடத்துல

ஒரு பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேப்புல நானே பாத்தது. கூட்டி சுத்தம் பண்ணவங்க தரையில கெடந்த கேபிள பாத்து, அனாதையா கெடக்கேன்னு நல்ல மனசோட அதோட இன்னொரு முனையையும் சுவத்து ஓட்டையில சொருகிட்டாங்க. லூப்பு. உள்ள போனப்ப ஸ்விட்ச்சுல இருக்கற எல்லா விளக்கும் விடாம ஒரே வேகத்துல மின்னிக்கிட்டு இருந்துச்சு, ஒரு கம்ப்யூட்டர் கூட நகரல. எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் ஃப்ரேம் ஒண்ணு உள்ள போனா சுத்திக்கிட்டே பெருகும், அத நிறுத்த ஈதர்நெட் ஃப்ரேம்ல ஆயுசு எண்ணுற எண் எதுவும் கெடையாது.

இதுக்காகத்தான் ஸ்பேனிங் ட்ரீ இருக்கு, 1985-ல டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியில வேலை செஞ்ச ரேடியா பெர்ல்மன்ங்கற அம்மா கண்டுபிடிச்சது. ஸ்விட்ச்சுங்க எல்லாம் சேந்து ஒரு தலைவர தேர்ந்தெடுத்து, சுத்து வழி இருக்கற எடத்துல ஒரு போர்ட்ட அடைச்சு வச்சிரும், நல்ல ஒயர் அறுந்தா அத தொறந்து விடும். நீங்க செய்ய வேண்டியது மூணு. "ஸ்பேனிங் ட்ரீ மோட் ராபிட் பிவிஎஸ்டி" போடுங்க, பழைய முறையில ஒரு போர்ட்டு தொறக்க 30 விநாடி எடுக்கும். தலைவர் யாருன்னு நீங்களே சொல்லுங்க, எல்லாத்துக்கும் ப்ரையாரிட்டி 32768-தான் இருக்கும், அப்படியே விட்டா மேக் அட்ரஸ் (ஒவ்வொரு மெஷினுக்கும் செய்யறப்பவே வைக்கற நம்பர்) சின்னதா இருக்கற, அனேகமா இருக்கறதுலயே பழைய ஸ்விட்ச்சு தலைவராயிடும், அதனால ஆபிஸ் மெயின் ஸ்விட்ச்சுல ஒவ்வொரு விலானுக்கும் 4096 போடுங்க, இந்த எண் 4096-ஓட மடங்காத்தான் இருக்கணும். மூணாவது, கம்ப்யூட்டர் போர்ட்டுல மட்டும் "ஸ்பேனிங் ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்"டும் "பிபிடியூ கார்ட் எனேபிள்"லும் சேத்தே போடுங்க. யாராவது அங்க ஸ்விட்ச்ச சொருகினாலோ கேபிள சுத்தி விட்டாலோ அந்தப் போர்ட்டு மட்டும் எர்ர் டிஸேபிள் ஆகி செத்துடும், மத்த ஆபிஸ் ஓடும். லூப்ப எடுத்துட்டு அந்தப் போர்ட்டுல "ஷட்டவுன்", "நோ ஷட்டவுன்" அடிச்சா உயிர் வந்துரும். காரணத்த தேடாம உயிர் மட்டும் குடுத்தா திரும்ப சாகும்.

இன்னொரு தொல்லை, யாராவது வீட்டு வைஃபை ரூட்டர கொண்டாந்து ஆபிஸ் சுவத்துல சொருகறது. அது அதோட சொந்த ஐபிய எல்லாருக்கும் அள்ளிக் குடுக்க ஆரம்பிச்சிடும், பாதிப் பேருக்கு நெட்டு இருக்கும் பாதிப் பேருக்கு இருக்காது. உண்மையான டிஹெச்சிபி சர்வர் (ஐபிய தானா குடுக்கறது) பக்கம் போற போர்ட்டுல மட்டும் "ட்ரஸ்ட்" குடுத்துட்டு, "ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் விலான் 20"னு சொல்லி, "ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங்"க போடுங்க. ட்ரஸ்ட்ட முதல்ல, ஸ்னூப்பிங்க அப்புறம், வரிசை மாறினா நல்ல சர்வரையே அடைச்சிடுவீங்க.

இடி, மழை, எறும்பு

இத கோலாலம்பூர் ஆபிஸ்ல வேலை செய்யறவங்க அவ்வளவா எழுத மாட்டாங்க, நமக்கு இதுதான் முக்கியம். உலகத்துலயே இடி மின்னல் அதிகமா அடிக்கற நாடுங்கள்ல நம்மளுதும் ஒண்ணு. தோட்டத்துப் பக்கம் கட்டடம் எல்லாம் தள்ளித் தள்ளி, நடுவுல வெட்டவெளி. ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு செம்பு கேபிள் இழுக்காதீங்க. பக்கத்துல இடி விழுந்தா அந்த ஒயர் வழியா ரெண்டு பக்கத்து ஸ்விட்ச்சும் கருகும், நான் கழட்டின ஒரு ஸ்விட்ச்சுல வரிசையா எட்டு போர்ட்டு போயிருந்துச்சு, தொறந்து பாத்தா போர்ட்டுக்குப் பின்னாடி உள்ள சின்ன கருப்பு டப்பாங்க வெடிச்சு, போர்டுல பழுப்பா தீஞ்ச கறை. ஃபைபர் போடுங்க, கண்ணாடியில கரண்டு ஓடாது, ஆனா கேபிளுக்குள்ள இரும்புக் கவசமோ தாங்கற கம்பியோ இருக்கான்னு கேட்டு இல்லாததா வாங்குங்க, இருந்தா அதுக்கு எர்த் பண்ணியே ஆகணும். எப்படியும் செம்பு கேபிள் 100 மீட்டருக்கு மேல போகாது, ஆபிஸ்ல இருந்து வேபிரிட்ஜு பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும்.

கேபினட்டுக்கு எர்த் ஒயர் இருக்கான்னு பாருங்க, ஸ்விட்ச்ச யூபிஎஸ்ல போடுங்க, ஒயர் நுழையற ஓட்டைய அடைங்க. எறும்பும் பல்லியும் சூட்டுக்கு உள்ள வரும், பல்லி பவர் சப்ளையில விழுந்து ஷார்ட் ஆனத பாத்திருக்கேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஃபேன் ஓட்டைய தொடைங்க, மில்லு தூசி எண்ணெய்ப் பசையோட ஒட்டிக்கும்.

கேமரா சொருகறதுக்கு முன்னாடி பவர் கணக்க போடுங்க. நெட்வொர்க் ஒயர் வழியாவே பவர் குடுக்கற முறையில, 802.3ஏஎஃப்னா ஸ்விட்ச்சு ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரைக்கும் குடுக்கும், 802.3ஏடின்னா 30 வாட். ஆனா மொத்த பட்ஜெட்டுனு ஒண்ணு தனியா இருக்கு, "ஷோ பவர் இன்லைன்" அடிச்சா தெரியும். ராத்திரியில கேமராவோட இன்ஃப்ராரெட் லைட்டு எரியறப்ப இழுக்கற பவர் ஏறும், பகல்ல நல்லா இருந்த கேமரா இருட்டினதும் விட்டு விட்டு வந்தா முதல்ல இத பாருங்க.

சேவ், பேக்கப், பத்து நிமிஷக் கயிறு

ரன்னிங் கான்ஃபிக்ங்கறது ஸ்விட்ச்சோட மண்டையில இருக்கறது, ஸ்டார்ட்டப் கான்ஃபிக்ங்கறது எழுதி வச்சது. நீங்க அடிக்கற கட்டளை எண்டர் தட்டின அந்த நொடியே ஓட ஆரம்பிச்சிடும், ஆனா "காப்பி ரன்னிங் கான்ஃபிக் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்", சுருக்கமா "ரைட் மெமரி" அடிக்கற வரைக்கும் எழுதப்படாது. அந்தத் தம்பிய காப்பாத்தினது இதுதான். ஆனா இதே விஷயம் மறுபக்கம் வெட்டும், நல்லா செஞ்ச வேலைய சேவ் பண்ணாம வீட்டுக்குப் போனா, மூணு மாசம் கழிச்சு கரண்டு கட்டாகி வந்தப்ப எல்லாம் காணாமப் போயிருக்கும், யாருக்கும் ஏன்னு தெரியாது.

தூரத்துல இருந்து டிரங்க், மேனேஜ்மெண்ட் ஐபி, கேட்வே, இந்த மூணுல எத தொட்டாலும் நான் செய்யற வரிசை மாறவே மாறாது. முதல்ல ஓடிக்கிட்டு இருக்கறது நல்லா இருக்கா, சேவ் ஆகியிருக்கா பாப்பேன். அடுத்து "ரீலோட் இன் 10". பத்து நிமிஷத்துல ஸ்விட்ச்சு தானா ரீஸ்டார்ட் ஆகும்னு சொல்லும், உறுதிப்படுத்தச் சொல்லும், எண்டர். அப்போ சேவ் பண்ணவான்னு கேட்டா ஏதோ பழைய மாத்தம் சேவ் ஆகாம கெடக்குன்னு அர்த்தம், நிறுத்திட்டு அது என்னன்னு முதல்ல பாருங்க. அதுக்கப்புறம் என் மாத்தத்த அடிப்பேன். தொடர்பு அறுந்து நான் வெளிய விழுந்துட்டா எதுவும் செய்யாம பத்து நிமிஷம் காத்திருந்தா போதும், ஸ்விட்ச்சு பழைய கான்ஃபிக்கோட எழுந்து வரும். நல்லா வேலை செஞ்சா "ரீலோட் கேன்சல்", அதுக்கப்புறந்தான் "ரைட் மெமரி". கேன்சல் அடிக்க மறந்துட்டா நல்லா ஓடற ஸ்விட்ச்சே ரீஸ்டார்ட் ஆயிடும், அதனால போன்ல எட்டு நிமிஷத்துக்கு அலாரம் வைங்க. இந்த முறையில ஸ்விட்ச்சு எழுந்திரிக்கற நேரம் பூரா அதுல உள்ள எல்லாரும் நிப்பாங்க, அதனால லோரி இல்லாத நேரமா பாத்து செய்ங்க.

ஜூனிப்பர் ஸ்விட்ச்சுல இதுக்கு இன்னும் அழகான வழி, "கமிட் கன்ஃபர்ம்ட்"னு அடிச்சா பத்து நிமிஷத்துக்குள்ள திரும்ப உறுதிப்படுத்தலன்னா மாத்தத்த தானே திரும்ப எடுத்துக்கும், ரீஸ்டார்ட்டே இல்ல. மைக்ரோடிக்ல கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினா சேஃப் மோடு. ஹுவாவேயில "ஷோ" இல்ல, "டிஸ்ப்ளே", "சேவ்"னு அடிச்சாத்தான் எழுதும். உங்க கையில எது இருக்கோ அதுல திரும்பி வர்ற கயிறு எதுன்னு முதல் நாளே தேடி வச்சுக்குங்க.

மாத்தம் முடிஞ்சதும் "காப்பி ரன்னிங் கான்ஃபிக் டிஎஃப்டிபி" போட்டு லேப்டாப்புக்கு ஒரு பிரதி எடுங்க, ஃபைல் பேருல ஸ்விட்ச்சு பேரும் தேதியும். ஃபைல் அனுப்பற இந்த டிஎஃப்டிபி முறைக்கு பாஸ்வேர்டு கெடையாது, அதனால எடுத்து முடிச்ச உடனே அந்த சாஃப்ட்வேர மூடிடுங்க.

அன்றாட வேலைக்கு நெறைய வேணாம். காலையில பசியாறிட்டு வந்ததும் "ஷோ லாகிங்" ஒரு பார்வை, "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்" ஒரு பார்வை. ஒரு கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு சொன்னா அந்தப் போர்ட்டோட "ஷோ இன்டர்ஃபேஸ்"ல சிஆர்சி எண்ண (கெட்டுப் போய் வந்த ஃப்ரேம் எத்தனன்னு) பாருங்க, "கிளியர் கவுன்டர்ஸ்" அடிச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப பாருங்க, ஏறிக்கிட்டே போனா கேபிள மாத்துங்க, இல்லன்னா ஒரு பக்கம் ஆட்டோ மறு பக்கம் கையால 100 ஃபுல்னு வச்சிருக்காங்களான்னு பாருங்க. ஏதோ ஒரு மெஷின் எந்தப் போர்ட்டுல இருக்குன்னு தெரியணும்னா அதோட மேக் அட்ரஸ எடுத்து "ஷோ மேக் அட்ரஸ் டேபிள்"ல தேடுங்க, டிரங்க் போர்ட்ட காட்டினா அடுத்த ஸ்விட்ச்சுக்குப் போயி அங்கயும் அதே கட்டளை, அப்படியே போயி ஆக்செஸ் போர்ட்டுல முடியும்.

பாஸ்வேர்ட ஒரு கவர்ல போட்டு ஒட்டி மேனேஜர் பெட்டகத்துல வைக்கச் சொல்லுங்க, நீங்க லீவுல இருக்கறப்ப வேற யாராவது வரணும். அப்படியும் போச்சுன்னா கடைசி வழி ஒண்ணு இருக்கு. கேட்டலிஸ்ட் 2960 மாதிரி மாடல்ல பவர உருவிட்டு, முன்னாடி இருக்கற மோட் பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பவர சொருகுங்க, சிஸ்டம் விளக்கு ஆம்பர் ஆகி அப்புறம் பச்சையா நின்னதும் விடுங்க. "ஃப்ளாஷ் இனிட்"னு நடுவுல கீழ்க்கோடு போட்டு அடிங்க, ஃப்ளாஷ்ல இருக்கற கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட் ஃபைலோட பேர "ரீநேம்" பண்ணி மாத்துங்க, "பூட்". பாஸ்வேர்டு இல்லாம எழுந்து வரும், எனேபிள் அடிச்சுட்டு ஃபைலுக்கு பழைய பேரையே திரும்ப வச்சு, அத ரன்னிங் கான்ஃபிக்ல காப்பி பண்ணி, புது பாஸ்வேர்ட போட்டு, விலான் இன்டர்ஃபேஸ் ஷட்டவுன்ல இருந்தா நோ ஷட்டவுன் குடுத்து, ரைட் மெமரி. கான்ஃபிக் ஒரு வரி கூட போகாது. இத கேபினட்டு பக்கத்துல நிக்கற யாரும் செய்யலாம், அதனால கேபினட்ட பூட்டுங்க, ஒரு சாவி உங்ககிட்ட, இன்னொண்ணு கிராணிகிட்ட.